கென்ட் கவுன்டி: நெடுஞ்சாலை லாரி நிறுத்தமான கதை

இங்கிலாந்தின் தென்கிழக்கு மூலையில் இருக்கிறது கென்ட். அதன் டோவர் துறைமுகத்திலிருந்து பிரான்ஸ் கரைக்கு 21 மைல்தான். இந்தக் கவுன்டியின் சாலைகளுக்கு வாய்த்த வரமும் வம்பும் அந்தக் குறுகிய கடல்தான். டோவர் வழியாக மட்டும் போகவர ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள். ஃபோக்ஸ்டன் அருகே ரயிலில் ஏறி, கடலடிச் சுரங்கத்தைக் கடப்பவை இன்னும் 10 லட்சத்துக்கு மேல். சுமார் 16 லட்சம் மக்கள் வேலைக்கும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் போவது இதே சாலைகளில்தான்.

கென்டின் நெரிசலைப் பற்றிப் பேச்சு வந்தாலே "ரோடு பத்தவில்லை" என்றுதான் ஆரம்பிப்பார்கள். கவுன்டியின் மேற்கு முனையில் அது உண்மை. கிழக்கு முனையில் உண்மை இல்லை. இந்த வித்தியாசத்தைப் பார்க்காமல் இரண்டுக்கும் ஒரே மருந்தைக் கொடுத்ததில் பணமும் காலமும் நிறையப் போயிருக்கின்றன.

இரண்டு முதுகெலும்புகள்

கென்டைக் குறுக்காகக் கடக்க இரண்டு பெருவழிகள் உண்டு. ஒன்று எம்20 (எம் என்றால் மோட்டார்வே எனும் அதிவேகச் சாலை, ஏ என்றால் அதற்கு அடுத்த நிலைச் சாலை): லண்டனைச் சுற்றும் எம்25 வளையத்திலிருந்து பிரிந்து மெய்ட்ஸ்டன், ஆஷ்ஃபோர்ட் வழியாக ஃபோக்ஸ்டன் வரை போகிறது. அங்கிருந்து டோவருக்கு ஏ20. மற்றது வடக்கே ஏ2, எம்2: மெட்வே நகரங்களையும் ஃபேவர்ஷாமையும் கான்டர்பரியையும் தொட்டுக்கொண்டு டோவரில் இறங்குகிறது. வரைபடத்தில் பார்த்தால் ஒன்று அடைத்தால் மற்றதில் போய்க்கொள்ளலாம் என்று தோன்றும்.

தரையில் அப்படி இல்லை. இரண்டுக்கும் நடுவே நார்த் டவுன்ஸ் என்ற சுண்ணாம்புக் குன்றுத்தொடர் கிடக்கிறது. அதைக் கடக்கும் நல்ல இணைப்புகளான ஏ228, ஏ229, ஏ249 மூன்றும் மேற்கே, மெய்ட்ஸ்டனை ஒட்டியே இருக்கின்றன. அதைத் தாண்டி ஆஷ்ஃபோர்ட் வரை வந்துவிட்டால் வடக்கே போக ஏ251, ஏ28 என்று ஊர்களுக்குள் நுழைந்து வரும் சாதாரண இருவழிச் சாலைகள்தான். ஆக, எம்20-இல் போகலாமா எம்2-வில் போகலாமா என்ற முடிவை டிரைவர் மெய்ட்ஸ்டன் வருவதற்குள் எடுத்தாக வேண்டும். ஆஷ்ஃபோர்ட் தாண்டி அடைப்பு ஏற்பட்டால், தகவல் கிடைப்பதற்குள் பாதிப் பேர் அந்தக் கட்டத்தைக் கடந்திருப்பார்கள். மிச்சமிருப்பது பழைய ஏ20: ஹாரியட்ஷாம், லென்ஹாம், சாரிங் என்று கிராமங்களைக் கோத்துக்கொண்டு, எம்20-க்குப் பக்கத்திலேயே வளைந்து வளைந்து ஓடும் சாலை. எம்20 நின்றால் முதலில் தெரிவது இந்த ஊர்க்காரர்களுக்குத்தான்.

வடக்கு வழியிலும் இரண்டு பலவீனங்கள். எம்2 முடிகிற இடத்தில், ஃபேவர்ஷாம் பக்கத்தில், ப்ரென்லி கார்னர் என்ற ரவுண்டானா. தானெட் பக்கம் போகும் ஏ299, டோவர் பக்கம் போகும் ஏ2, உள்ளூர்ச் சாலைகள் எல்லாம் அங்கே கலக்கின்றன. அடுத்தது லிடன் முதல் டோவர் எல்லை வரை: அதுவரை இரட்டைச் சாலையாக வந்த ஏ2, போக ஒரு தடம் வர ஒரு தடம் என்று சுருங்கிவிடுகிறது. ஐரோப்பாவின் பரபரப்பான துறைமுகம் ஒன்றுக்குப் போகும் சாலை கடைசி சில மைலில் இப்படி ஆகிறது என்பதை நேரில் பார்க்காதவர்கள் நம்புவதே இல்லை.

டார்ட்ஃபோர்ட்: உண்மையிலேயே இடம் போதாத இடம்

முதலில் மேற்கு முனை. தேம்ஸ் நதியை எம்25 போக்குவரத்து கடக்குமிடம் டார்ட்ஃபோர்ட். முதல் சுரங்கம் 1963-இல், இரண்டாவது 1980-இல், பாலம் 1991-இல் வந்தன. வடக்கே போகிறவர்களுக்கு இரண்டு சுரங்கங்கள், தெற்கே வருகிறவர்களுக்குப் பாலம். நாளொன்றுக்கு 1,35,000 வண்டிகள் என்று கணக்குப் போட்டுக் கட்டியது, நெருக்கடியான நாட்களில் 1,80,000 வரை சுமக்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது இரு திசைகளுக்கும் உள்ள வேறுபாடு. பாலத்தில் வண்டி சும்மா ஓடும். சுரங்கத்தில் அப்படி விட முடியாது. 1963-இல் கட்டியதன் உயரம் இன்றைய பெரிய லாரிகளுக்குப் போதாது. எரிபொருள், ரசாயனம் ஏற்றிய டேங்கர்களைத் தனியே நிறுத்தி, பாதுகாப்பு வண்டியோடு அனுப்ப வேண்டும். உயரம் மிஞ்சிய லாரி ஒன்று தவறான தடத்தில் வந்துவிட்டால் சிவப்பு விளக்குப் போட்டு மொத்தத்தையும் நிறுத்தி, அதை வெளியே எடுக்க வேண்டும். ஒவ்வொரு நிறுத்தமும் சில நிமிடங்கள்தான். ஆனால் ஏற்கெனவே விளிம்பு வரை நிரம்பி ஓடும் சாலையில் அந்தச் சில நிமிடங்களின் பாதிப்பு பின்னால் மைல் கணக்கில் போகும். பலத்த காற்றடித்துப் பாலத்தை மூடினால் ஒரு சுரங்கத்தைத் தெற்குப் பக்கம் திருப்பிவிடுவார்கள், அன்றைக்கு இரு பக்கமும் அவதி.

2014 நவம்பரில் சுங்கச் சாவடிகளை எடுத்துவிட்டு, கேமரா மூலம் எண்ணைப் படித்துக் கட்டணம் வசூலிக்கும் முறை வந்தது. சாவடிதான் தடை என்று பலரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். சாவடி போனதும் பாலத்தின் பக்கம் நிலைமை தேறியது. வடக்கு நோக்கிய வரிசை மட்டும் நிற்கத்தான் செய்தது, ஏனென்றால் அங்கே இடுக்கு சாவடியில் இல்லை, சுரங்க வாயில் இருந்தது.

டோவர்: சாலை காலி, வாசல் அடைப்பு

கிழக்கு முனையில் கதை வேறு. டோவரிலும் ஃபோக்ஸ்டனிலும் பிரெஞ்சு எல்லைச் சோதனை பிரிட்டிஷ் மண்ணிலேயே நடக்கிறது. கப்பலேறிக் கடல் கடந்த பிறகு அல்ல, ஏறுவதற்கு முன்பே பிரெஞ்சுப் போலீஸ் பாஸ்போர்ட்டைப் பார்த்துவிடும். அதேபோல் எதிர்க்கரையில், பிரான்சின் கலே துறைமுகத்தில் பிரிட்டிஷ் அதிகாரிகள் இருப்பார்கள். துறைமுகங்களுக்கு இந்த ஏற்பாடு 2003-இல் கையெழுத்தான லெ தூக்கே ஒப்பந்தத்தின் வழி வந்தது. டோவரின் கிழக்குத் துறை வெள்ளைச் சுண்ணாம்புப் பாறைக்கும் கடலுக்கும் நடுவே ஒடுங்கிக் கிடக்கிறது. நினைத்தவுடன் பாஸ்போர்ட் பார்க்கும் கூண்டுகள் பத்து கூடுதலாகக் கட்ட இடமில்லை. இருக்கும் கூண்டுகளில் எத்தனைக்கு ஆள் போடுவது என்பதை முடிவு செய்வது பாரிஸ்.

பிரெக்ஸிட்டால், அதாவது பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தைவிட்டு விலகியதால், 2021 ஜனவரி 1 முதல் பிரிட்டிஷ் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிநாட்டவர். அதுவரை பாஸ்போர்ட்டைக் காட்டினால் போதும், அதற்குப் பிறகு ஒவ்வொன்றிலும் முத்திரை விழ வேண்டும். கூடுவது அரை நிமிடம்தானே என்று தோன்றும். ஒரு கற்பனைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ஐந்து கூண்டுகள், ஒரு வண்டிக்கு 60 விநாடி என்றால் மணிக்கு 300 வண்டிகள் கடக்கும். வருவது மணிக்கு 280 என்றால் வரிசையே இராது. இப்போது ஒரு வண்டிக்கு 90 விநாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கு 200தான் கடக்கும். மணிக்கு 80 வண்டி தேங்கும், ஆறு மணி நேரத்தில் 480. நீண்ட லாரி ஒன்று 16.5 மீட்டர், இடைவெளியோடு 20 மீட்டர் என்றால் 480 லாரிகள் ஒரே தடத்தில் ஆறு மைல் நிற்கும்.

இதைவிட முக்கியமானது அடுத்த பகுதி. ஆறு மணி நேரம் கழித்துச் சோதனை பழையபடி 60 விநாடிக்குத் திரும்பிவிட்டது. வரத்து அதே 280, கடப்பது 300, அதாவது மணிக்கு 20 வண்டிதான் குறைகிறது. 480 கரைய முழுதாக 24 மணி நேரம் ஆகும். "காரணம் காலையிலேயே சரியாகிவிட்டது, பிறகும் ஏன் நிற்கிறோம்" என்று ரேடியோவுக்குப் போன் போட்டுத் திட்டுபவர்களுக்கு விடை இதில் இருக்கிறது. அந்த நேரத்தில் ஆறாவது கூண்டு ஒன்றைத் திறந்திருந்தால் மணிக்கு 360 கடந்திருக்கும், ஆறே மணி நேரத்தில் வரிசை தீர்ந்திருக்கும். ஒரு கூண்டு செய்யும் இந்த வேலையை எம்20-க்கு இன்னொரு தடம் போட்டுச் செய்ய முடியாது. தடம் கூடினால் வரிசை அகலமாகும், அவ்வளவுதான்.

ஸ்டாக்: வரிசையை அடுக்கி வைக்கும் கலை

வாசல் அடைத்துக்கொண்டால் லாரிகளை எங்காவது நிறுத்த வேண்டும். 1988-இல் தொடங்கிய ஏற்பாட்டின் பெயர் 'ஆபரேஷன் ஸ்டாக்'. எம்20-இன் கடலோரம் நோக்கிய பாதையை மற்ற வண்டிகளுக்கு மூடிவிட்டு, லாரிகளை அங்கேயே வரிசையாக நிறுத்தி வைப்பார்கள். வரிசை நீள நீள மூடும் பகுதியும் மேற்கே நீளும்.

2015 கோடைதான் இதன் உச்சம். கலேயில் கப்பல் தொழிலாளர் வேலைநிறுத்தம், டயர் எரிப்பு, கடலடிச் சுரங்க வாசலில் அகதிகள் நெருக்கடி என்று ஒன்றன்மேல் ஒன்றாக வந்தது. அந்தக் கோடையில் 32 நாட்கள் ஸ்டாக் அமலில் இருந்தது. வரிசை 30 மைலுக்கு மேல் நீண்ட நாட்கள் உண்டு. கவுன்டியின் முதன்மைச் சாலை வாரக்கணக்கில் லாரி நிறுத்தமாக இருந்தது. ஆஷ்ஃபோர்டின் பெரிய ஆஸ்பத்திரியான வில்லியம் ஹார்வி எம்20-இன் 10-ஆவது சந்திப்பை ஒட்டி இருக்கிறது. மெய்ட்ஸ்டன் பக்கத்திலிருந்து அங்கே வர வேண்டியவர்களுக்குக் கிராமத்து ஏ20 ஒன்றுதான் வழி. லாரிக்குள் இருப்பவர் நிலைமையும் நல்லதில்லை. கோடை வெயிலில் கழிப்பறை இல்லை, தண்ணீர் இல்லை. ஓட்டும் நேரத்துக்கான சட்டம் வேறு: நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு, நாளுக்கு வழக்கமாக 9 மணி நேரம். வரிசையில் ஊர்ந்து ஊர்ந்து நேரம் தீர்ந்துபோன டிரைவர், கடைசியில் வழி திறந்தாலும் நகரக் கூடாது.

அதே ஆண்டு நவம்பரில் அரசு 25 கோடி பவுண்ட் ஒதுக்கியது. எம்20-இன் 11-ஆவது சந்திப்புக்கு அருகே ஸ்டான்ஃபர்ட் என்ற கிராமத்தை ஒட்டி, 3,600 லாரிகள் நிற்கும் மைதானம் கட்டத் திட்டம். சுற்றுச்சூழல் ஆய்வு சரியாகச் செய்யவில்லை என்று வழக்கு வந்தது, 2017 நவம்பரில் திட்டம் கைவிடப்பட்டது. ஊர்க்காரர்களின் எதிர்ப்பைச் சுயநலம் என்று தள்ளியவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆண்டில் சில வாரங்கள் மட்டும் நிரம்பும் ஒரு கான்கிரீட் வெளிக்கு இவ்வளவு பெரிய தொகை என்றால், அந்தக் கோடையில் அடைத்தது எது என்று முதலில் கேட்டிருக்க வேண்டும்.

அடுத்து வந்தது 'ஆபரேஷன் ப்ராக்'. 2019-இல் தொடங்கிய இது ஸ்டாக்கைவிட ஒரு படி மேல். 8-ஆவது சந்திப்புக்கும் 9-க்கும் இடையே கடலோரம் நோக்கிய பாதையில் லாரிகள் நிற்கும். லண்டன் நோக்கிய பாதையை நடுவே பிரித்து மற்ற வண்டிகளை இரு திசையிலும் ஓட விடுவார்கள், வேக வரம்பு மணிக்கு 50 மைல். முதலில் இரும்புத் தடுப்பு வைத்தார்கள். அதைப் போடவும் எடுக்கவும் பல இரவுகள் பிடித்தன. 2020 டிசம்பரில் நகரும் கான்கிரீட் தடுப்பு வந்தது. சாலையோரம் சங்கிலியாகக் கோத்து வைத்திருக்கும் கட்டைகளை ஒரு மஞ்சள் இயந்திரம் வயிற்றுக்குள் வாங்கி, மறுபக்கம் துப்பிக்கொண்டே போகும், பையின் ஜிப்பை இழுப்பது போல. ஓர் இரவில் வேலை முடிந்துவிடும். எம்20 முழுமையாக மூடாமல் இருப்பது நிச்சயம் முன்னேற்றம்தான். ஆனால் இரண்டு தடங்களில் மைலுக்குச் சுமார் 160 லாரி என்று நிறுத்தினாலும், அந்தப் பன்னிரண்டு பதின்மூன்று மைலில் இரண்டாயிரம் சொச்சம்தான் அடங்கும்.

ப்ராக் தயாராகும் முன்னே ஒரு கூத்தும் நடந்தது. 2019 ஜனவரியில், ஒப்பந்தமின்றி பிரெக்ஸிட் நடந்தால் என்ன செய்வது என்று ஒத்திகை. மூடிக்கிடந்த மான்ஸ்டன் விமான நிலையத்திலிருந்து டோவருக்கு லாரிகளை அனுப்பிப் பார்த்தார்கள். வந்தவை 89. நாளுக்கு ஆயிரக்கணக்கில் ஓடும் வழியில் 89 லாரிகளை ஓட்டிப் பார்த்து என்ன தெரிந்துகொள்ள முடியும் என்று டிரைவர்களே சிரித்தார்கள்.

2020 டிசம்பர்

மான்ஸ்டன் நிஜமாகவே தேவைப்பட்டது அடுத்த ஆண்டின் கடைசியில். புதுவகை கொரோனா கென்டில் பரவுகிறது என்ற செய்தி வந்ததும், டிசம்பர் 20 இரவு பிரான்ஸ் எல்லையை 48 மணி நேரத்துக்கு மூடியது. கிறிஸ்துமஸுக்கு ஊர் திரும்பும் போலந்து, ருமேனிய, ஹங்கேரிய டிரைவர்கள் எல்லாம் கென்டுக்குள் மாட்டிக்கொண்டார்கள். மான்ஸ்டன் ஓடுபாதையில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட லாரிகள். எம்20-இல் இன்னொரு வரிசை. கிரேவ்ஸெண்டில் உள்ள குரு நானக் தர்பார் குருத்வாராவில் சமைத்த கொண்டைக்கடலைக் குழம்பையும் சோற்றையும் சீக்கியத் தொண்டு அமைப்பான கால்சா எய்டின் தொண்டர்கள் கொண்டுவந்து கொடுத்தார்கள். சாலை முடங்கினால் சோறு எப்படிப் போகும் என்ற கேள்விக்கு அன்றைக்கு அரசைவிட வேகமாகப் பதில் சொன்னது ஒரு கோவில் சமையலறை.

எல்லை 23-ஆம் தேதி திறந்தது, ஆனால் கொரோனா இல்லை என்ற சான்று கட்டாயம். இங்கேதான் மேலே போட்ட கணக்கு முழு அளவில் நடந்தது. கூண்டுக்கு முன்னால் இன்னொரு கூண்டு முளைத்தது, பரிசோதனை. ஒரு லாரிக்கு விநாடிக் கணக்கு போய் நிமிடக் கணக்கு வந்தது. ராணுவ வீரர்கள் வந்தார்கள், பிரெஞ்சுத் தீயணைப்புப் படையினரும் போலந்து மருத்துவக் குழுவினரும்கூட வந்தார்கள். 15,000-க்கு மேல் பரிசோதனை செய்ததில் தொற்று இருந்தவர்கள் 36 பேர். பரிசோதிக்கும் கைகள் கூடியதும் வரிசை கரைந்தது. அந்த வாரத்தில் யாரும் புதிதாக ஓர் அடி சாலை போடவில்லை.

ஜனவரி 1 முதல் 7.5 டன்னுக்கு மேற்பட்ட லாரிகள் எல்லைக்குப் போக 'கென்ட் அனுமதி' வாங்க வேண்டும் என்று விதி வந்தது. காகிதங்கள் தயார் என்று முன்பே உறுதி சொன்னால்தான் கவுன்டிக்குள் நுழையலாம், இல்லையென்றால் 300 பவுண்ட் அபராதம். நாட்டுக்குள்ளேயே ஓர் எல்லைக்கோடா என்று கேலி செய்தார்கள். ஏப்ரலில் அதை எடுத்தும் விட்டார்கள். ஆனால் யோசனை சரியானது என்றே சொல்வேன்: காகிதம் சரியில்லாத லாரியை டோவரில் வந்து கண்டுபிடிப்பதைவிட, வரும் முன்பே தடுப்பது எல்லாருக்கும் மலிவு.

கார்களும் பஸ்களும்

அதுவரை லாரிகளின் பிரச்சினையாக இருந்தது கார்களுக்கும் வந்தது. 2022 மார்ச்சில் பி அண்ட் ஓ ஃபெர்ரிஸ் என்ற கப்பல் நிறுவனம் சுமார் 800 ஊழியர்களை ஒரே நாளில் வேலைநீக்கம் செய்தது, கப்பல்கள் நின்றன, ஈஸ்டர் நெரிசலும் சேர்ந்துகொண்டது. ஜூலையில் பள்ளி விடுமுறை தொடங்கிய வாரம், போதுமான கூண்டுகளில் பிரெஞ்சு ஆட்கள் இல்லை என்று துறைமுகம் குற்றம் சாட்டியது. பிரெக்ஸிட்டும் கடலடிச் சுரங்கத்தில் நடந்த தொழில்நுட்பக் கோளாறும்தான் காரணம் என்று பிரான்ஸ் திருப்பிச் சொன்னது. இருவரும் பேசிக்கொண்டிருக்க, டோவர் ஊர்க்காரர்கள் தங்கள் தெருவைக் கடந்து மறுபக்கம் போக முடியாமல் நின்றார்கள்.

2023 ஏப்ரல் முதல் வாரஇறுதியில் நடந்ததுதான் இந்த ஆய்வுக்கு ஆகச் சிறந்த சான்று. அன்று மாட்டியவை பஸ்கள். ஒரு காரில் நாலு பாஸ்போர்ட் என்றால் ஒரு பஸ்ஸில் ஐம்பது. பள்ளிப் பிள்ளைகளோடு போன பஸ்கள் இரவு முழுக்க நின்றன, 14 மணி நேரத்துக்கு மேல் காத்திருந்தவர்கள் உண்டு. அடுத்த வாரமே ஈஸ்டர். இன்னும் மோசமாகும் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அந்த ஏழு நாளில் சாலையை அகலப்படுத்த நேரமில்லை. கப்பல் நிறுவனங்கள் ஒன்று செய்தன: பஸ் முன்பதிவைக் குறைத்து, ஒரே நாளில் குவியாமல் மூன்று நாட்களுக்குப் பரப்பின. வரிசைகள் சில மணி நேரத்தோடு நின்றன. அதே முத்திரை, அதே சாலைதான். மாறியதில் முக்கியமானது வருகை நேரம்.

யார் கையில் எது

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தும் ஏன் எப்போதும் தடுப்புக் கட்டைகளையும் மைதானங்களையும் பற்றியே பேசுகிறோம்? பொறுப்பு சிதறிக் கிடப்பதுதான் காரணம் என்பது என் கணிப்பு. மோட்டார்வேயும் பெரிய ஏ சாலைகளும் நேஷனல் ஹைவேஸ் என்ற அரசு நிறுவனத்தின் கையில். உள்ளூர்ச் சாலைகள் கென்ட் கவுன்டி கவுன்சில் கையில். வரிசையை ஒழுங்குபடுத்துவது கென்ட் போலீஸ். துறைமுகம் தனி அமைப்பு, சுரங்கம் தனி நிறுவனம், பாஸ்போர்ட் கூண்டு இன்னொரு நாட்டின் போலீஸ் கையில். வரிசையால் அவதிப்படும் கவுன்சிலால் ஒரு கூண்டைக்கூடத் திறக்க முடியாது. கூண்டைத் திறக்க முடிந்தவர்களுக்கு லென்ஹாம் கிராமத்தில் நிற்கும் கார்கள் கண்ணிலேயே படாது. ஆகவே அவரவர் கையில் இருப்பதைச் செய்கிறார்கள். கையில் சாலை இருப்பவர்கள் சாலையில் ஏதாவது செய்கிறார்கள்.

சிறிய அளவில் நன்றாக வேலை செய்வது ஒன்று இருக்கிறது. டோவருக்குள் நுழையும் ஏ20-இல், துறைமுகம் நிரம்பும்போது லாரிகளை இடது தடத்தில் நிறுத்தி, சிக்னல் மூலம் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிறார்கள். ஊர் வண்டிகள் வலது தடத்தில் போய்க்கொள்ளலாம். 2015 முதல் நடக்கும் இந்த ஏற்பாடு செய்தியில் அடிபடுவதில்லை. நகரத் தெருக்களுக்குள் லாரி வரிசை ஏறாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

2025 அக்டோபர் 12 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய நுழைவுப் பதிவு முறை படிப்படியாக வரத் தொடங்கியது. முத்திரைக்குப் பதில் கைரேகையும் முகப்படமும். முதல்முறை பதிவு செய்ய நேரம் பிடிக்கும், அதிலும் காருக்குள் உட்கார்ந்திருக்கும் குடும்பத்துக்கு. டோவர் இதற்காக மேற்குத் துறையில் தனி இடம் உருவாக்கி, பஸ் பயணிகளை அங்கே முன்கூட்டியே பதிவு செய்யும் ஏற்பாட்டைச் செய்தது. சோதனையை இடுக்கிலிருந்து விலக்கி, இடமுள்ள இடத்துக்குக் கொண்டுபோகும் வேலை இது. 25 கோடி பவுண்ட் மைதானத்தைவிட இதில் எனக்கு நம்பிக்கை அதிகம்.

மேற்கே, டார்ட்ஃபோர்டின் சுமையைக் குறைக்க லோயர் தேம்ஸ் கிராஸிங் என்ற 14.5 மைல் புதிய வழிக்கு 2025 மார்ச்சில் அரசு அனுமதி கொடுத்தது. கிரேவ்ஸெண்டுக்குக் கிழக்கே நதிக்கு அடியில் சுரங்கம். கொள்ளளவு போதாத இடத்தில் கொள்ளளவைக் கூட்டுவது என்ற வகையில் மருந்து சரிதான். ஆனால் அது தெற்கே வந்து சேர்வது ஏ2-வில். இன்று டார்ட்ஃபோர்ட் தாண்டி எம்20-க்குத் திரும்பும் வடக்கத்தி லாரிகளில் ஒரு பங்கு, எம்2 வழியே நேரே ப்ரென்லி கார்னர் ரவுண்டானாவுக்கு வரும், அங்கிருந்து லிடனின் ஒற்றைத் தடத்துக்கு. அந்த இரண்டு இடங்களையும் சரிசெய்யச் சொல்லி கவுன்டி கவுன்சில் பல ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருக்கிறது. சுரங்கத்தின் திறப்புத் தேதியையும் ப்ரென்லி கார்னர் வேலையையும் ஒரே அட்டவணையில் வைக்காவிட்டால், டார்ட்ஃபோர்டில் இறக்கிய சுமை ஃபேவர்ஷாமில் ஏறும்.